நடுக்கடலில் ஒரு 'வேணாம்'

கப்பல் சுற்றுலாவுக்கு ஆட்களை அழைத்துப் போகும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது வாழ்த்து அல்ல, பொறாமை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முழங்கால் மட்டும் மக்கர் செய்யாமல் இருந்திருந்தால், இன்றைக்கும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் சின்ன மஞ்சள் கொடியோடு துறைமுக வாசலில் நான்தான் நின்றிருப்பேன். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்கள் குடும்பமே ஜவுளி வியாபாரம். நான் ஒருத்தன்தான் துணி மூட்டைக்குப் பதிலாக மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவன். என் அத்தா கடைசிவரை அதை ஒரு தொழிலாக ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஊரச் சுத்திக்கினு வர்றதுக்குப் பேரு வேலையாடா?" என்பார்.

டிக்கெட், பாஸ்போர்ட், அறை ஒதுக்குவது, இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பேசப்போவது வேறு. கப்பலில் ஏறிய மனுஷர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் நான் ஒரு தடவை மோசமாகக் கோட்டை விட்டேன். ஒரு உயிர் போயிருக்க வேண்டியது.

அதற்கு முன்னால், எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொள்கிறேன். கிழவன் ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கிளம்பும்போது உங்கள் ஆட்கள் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. உள்ளே போனதும் கட்டிலை அழுத்திப் பார்ப்பார்கள், குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், அலமாரியைத் திறந்து திறந்து மூடுவார்கள். பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். பிறகு எல்லாரையும் மேல்தளத்தின் பின்பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். குலுங்கி உறுமிக் கிளம்புவதற்கு அது உளுந்தூர்பேட்டை பஸ் இல்லை. கரையில் நிற்கிற கிரேன் ஒன்று லேசாக நகர்ந்த மாதிரி இருக்கும். அப்புறம்தான் நகர்வது நாம் என்று புரியும். அறுவடை மிஷின் வரவில்லை என்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தவர் பாதியில் பேச்சை நிறுத்துவார். தண்ணீரில் வெள்ளையாக ஒரு பாதை விழுந்து, அது நீண்டுகொண்டே போகும். கரையில் இருந்த கட்டடங்கள் முதலில் நிறத்தை இழக்கும், பிறகு உருவத்தை இழக்கும். அப்போது யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். நீங்களும் பேசாதீர்கள். அந்த இடத்தில் மைக்கைப் பிடிக்கிற ஆளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டாவது, அவர்களைச் சும்மா இருக்க விடுங்கள். நடனம், நீச்சல் குளம், மேஜிக் என்று மணிக்கு ஒன்றாகப் பட்டியல் போட்டு விரட்டாதீர்கள். நடுக்கடலில் மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு நேரம் வரும். காற்று உப்பாகவும் மெத்தென்றும் இருக்கும். சாய்வு நாற்காலியில் கிடக்கிறவர் தூங்கவும் மாட்டார், விழித்திருக்கவும் மாட்டார். கடல் மெதுவாக ஏறி இறங்கும், அவருடைய மார்பும் அதே மாதிரி ஏறி இறங்கும். ஆயுசில் ஒரு நாள்கூட ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றைப் பார்த்திராத விவசாயி அந்த நாற்காலியில் கிடப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் கண் கலங்கும். நாம் அவருக்குக் கொடுப்பது அந்த ஒரு மணி நேரம்தான். மற்றதெல்லாம் அலங்காரம்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அது கடலில் ஆரம்பிக்கவில்லை, கல்வராயன் மலையில் ஆரம்பித்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வேன் முதலாளியிடம் இருந்தேன். கரியாலூருக்கும் அருவிகளுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருவோம். என் முதல் பயணத்தில், ஆட்கள் சந்தோஷப்படட்டும் என்று கள்ளக்குறிச்சியிலேயே பூரி, பொங்கல், வடை என்று வயிறு முட்ட வாங்கிக் கொடுத்துவிட்டு மலை ஏற்றினேன். நாலாவது வளைவில் ஒருவர் தலையை வெளியே நீட்டினார். ஆறாவது வளைவில் வேனில் நீட்டாத தலையே இல்லை. முதலாளி வண்டியை ஓரமாக நிறுத்தினார். எல்லாரையும் இறக்கி, பள்ளத்தைப் பார்க்காமல் தூரத்தில் அசையாமல் நிற்கிற மலை விளிம்பையே பார்க்கச் சொன்னார். கீழே பனி மூட்டம் பள்ளத்தாக்கை மூடி, வெள்ளையாக அலையடித்துக்கொண்டிருந்தது. கடலைப் பார்ப்பதற்கு முன்பே கடலை நான் அங்கே பார்த்துவிட்டேன். கால் மணி நேரத்தில் எல்லாரும் தெளிந்துவிட்டார்கள். தூரத்துக் கோட்டைப் பார்க்கிற அந்த வித்தை கப்பலிலும் அப்படியே பலிக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அன்றைக்கு மனதில் முடிந்துகொண்டது அதை அல்ல. வேனைக் கழுவிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன்: பயணத்தில் ஜனங்களைக் கம்மியாகச் சாப்பிட வைக்க வேண்டும். அந்த முடிவை நான் வருஷக்கணக்கில் சுமந்தேன். போதாததற்கு, பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் எங்கள் ஆட்கள் தட்டில் மலை மாதிரி குவித்துக்கொண்டதைப் பார்த்து ஒரு பரிமாறுகிற பையன் இன்னொருவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

எங்கள் வட்டாரத்திலிருந்து முதன்முதலாகக் கப்பலுக்கு ஆள் சேர்த்தபோது இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாலும் கரும்பு, நெல் விவசாயக் குடும்பங்கள். மணலூர்பேட்டைப் பக்கமிருந்து சிலர், திருநாவலூரிலிருந்து சிலர், மலையடிவாரத்து ஊர்களிலிருந்து சிலர். சென்னையில் ஏறி, ஒரு முழு நாள் கடலில் போய், திரிகோணமலையில் ஒரு பகல் நின்று, மறுபடி ஒரு முழு நாள் கடலில் வந்து, மறுநாள் காலை சென்னையில் இறங்குவது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். செருப்பு எப்படிப்பட்டது வேண்டும், அறைச் சாவி அட்டையை எங்கே வைக்க வேண்டும், சால்வை ஏன் வேண்டும், கரையில் இறங்கினால் எப்போது திரும்பி வர வேண்டும். எல்லாம் நல்ல விஷயம்தான். கடைசியில் இதைச் சொன்னேன்:

"கப்பல்ல சாப்பாடு கொட்டிக் கெடக்கும். அதுக்காவ பறக்காவெட்டி மாதிரி அள்ளாதீங்க. நம்ம ஊரு மானத்த வாங்கிடாதீங்க. கம்மியா சாப்பிடுங்க, அளவா இருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மண்டபத்தை விட்டுப் போகும்போது ஒரு அம்மாள் என்னிடம் வந்து நின்றார். பெயர் செல்வாம்பாள். கச்சிராயபாளையத்துக்கு அருகே மலையடிவாரத்தில் ஊர். அறுபதைத் தாண்டியவர். கணவர் ஏழுமலை, கொஞ்சம் தள்ளி நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாய், ஒன்னு கேக்கறேங்க. சூரியன் வர்றப்ப கப்பலு எங்க இருக்கும்?"

"நடுக்கடல்லதாங்க்கா. ரெண்டு நாளு காலையில பாக்கலாம்."

"சுத்தி ஒன்னும் இருக்காதில்ல?"

"ஒன்னும் இருக்காது. தண்ணிதான்."

"எங்க வூட்ல கெழக்க பாத்தா கரும்பு, மேற்க பாத்தா மலைங்க. நாப்பது வருசமா சூரியன் பாதி மேல ஏறினப்புறம்தான் பாக்கறேன். அது மொதல்ல எப்டி வருதுன்னு பாக்கணும்" என்றார். பக்கத்து ஊருக்கு எந்த பஸ் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் போகும்போது திரும்பி ஒரு தடவை, "நிச்சியமா ஒன்னும் இருக்காதில்ல?" என்று மறுபடியும் கேட்டார்.

கடலில் விடிந்த முதல் காலை அவரால் பார்க்க முடியவில்லை. கப்பல் சற்று ஆட, ஏழுமலை அண்ணனுக்குத் தலை சுற்றி வாந்தி. அவர்களுடைய அறைக்கு ஜன்னல் இல்லை. விடிகிற நேரத்தில் கணவரை விட்டுவிட்டு அந்த அம்மாள் மேலே வரவில்லை. நான் இஞ்சி மிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பரவால்லீங்க, திரும்பி வர்றப்ப பாத்துக்கறேன்" என்றார். சாயந்தரத்துக்குள் அண்ணன் தேறிவிட்டார். அவரை மேலே கூட்டி வந்து தூரத்துக் கோட்டைப் பார்க்க வைத்ததில் எனக்கு மறுபடியும் கர்வம்.

மூன்றாம் நாள் காலை கப்பல் திரிகோணமலைக்குள் நுழைந்தது. பச்சைக் குன்றுகள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் துறைமுகம். அவ்வளவு அமைதியான தண்ணீரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் கோயிலுக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் போக வரிசையில் நின்றார்கள். நான் கொடியைத் தூக்கிக்கொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு எண்ணியபோது பதினெட்டாவது தலை கீழே போயிற்று.

செல்வாம்பாள் அக்கா. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. கண் சொருகியிருந்தது.

கப்பலில் சின்ன மருத்துவமனை ஒன்று உண்டு. டாக்டர் வடக்கத்திப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், சுறுசுறுப்பு. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிஷங்களில் அக்கா கண்ணைத் திறந்தார். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி, தினமும் காலையில் மாத்திரை. அன்றைக்கும் போட்டிருந்தார்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கடைத்தெரு உருது தெரியும். அவர் இந்தியையும் என் உருதையும் வைத்து ஒப்பேற்றினோம்.

"நேற்று சாப்பிட்டாரா என்று கேளுங்கள்" என்றார் டாக்டர்.

"அக்கா, நேத்து சாப்டீங்களா?"

"சாப்டங்க."

"மூணு வேளையும்?"

"ஆச்சுங்க."

"இன்னிக்கிக் காலையில?"

"அதெல்லாம் ஆச்சுங்க பாய். நீங்க ஏன் செரமப்படறீங்க, போய் அவங்களப் பாருங்க."

அப்படியே சொன்னேன். டாக்டரின் முகம் தெளியும் என்று நினைத்தேன். இறுகியது. ஒழுங்காகச் சாப்பிட்டு, எப்போதும் போடுகிற மாத்திரையைத்தான் போட்டு, அப்படியும் சர்க்கரை இவ்வளவு இறங்குகிறது என்றால் காரணம் வேறாக இருக்க வேண்டும் என்றார். சிறுநீரகமாக இருக்கலாம், கிருமி ஏதாவது உடம்பில் ஏறியிருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். அதையெல்லாம் பார்க்கக் கப்பலில் வசதி இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை நாளுக்குக் கரை கிடையாது. "இவரை இங்கேயே மருத்துவமனையில் இறக்கிவிட வேண்டும். நாலு மணிக்குள் முடிவு" என்று ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஏழுமலை அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். "இன்னா பாய் சொல்றாங்க? இன்னான்னு சொல்லு."

சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எறக்கி வுட்ருவாங்களா பாய்?"

"பெரிய ஆஸ்பத்திரில பாக்கணும்ங்கறாங்க்கா."

"அப்ப நாளைக்கிக் காலையில நா கடல்ல இருக்க மாட்டனா?"

அந்த இடத்தில் எனக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. நாளைக்கு உங்களுக்கும் அவைதான் இருக்கும். ஒன்று, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, இருபது பேரோடு நிம்மதியாகத் திரும்புவது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து இளகி, "இவருக்கு ஒன்றும் இல்லை, நான் பொறுப்பு" என்று டாக்டரிடம் வீரம் பேசுவது. நாளை நடுக்கடலில் அவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பொறுப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இரண்டும் வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நடைபாதையில் போய் இரண்டு நிமிஷம் நின்றேன்.

வட்டமான ஜன்னல் ஒன்று அங்கே இருந்தது. வெளியே தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது முந்தின நாள் மதியம் கண்ணில் பட்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜை. பரிமாறுகிற ஆள் குனிந்து பாத்திரத்தை நீட்டுகிறார். செல்வாம்பாள் அக்கா தட்டுக்கு மேல் கையை விரித்து மூடி, "வேணாங்க" என்கிறார். அந்த ஆள் தலை வணங்கிவிட்டு அடுத்தவரிடம் போகிறார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நம் ஆட்கள் எவ்வளவு அளவாக இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

தட்டை மூடுகிற கைக்கு நம் ஊரில் என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியும். விருந்தாளி முதல் தடவை 'வேணாம்' என்பார். கையை விலக்கிவிட்டு வைத்தால்தான் அது விருந்து. இரண்டாவது தடவையும் வேணாம் என்பார். "அட, வெச்சிக்குங்க" என்று ஒரு கரண்டி விழும். மூன்றாவது தடவையும் தட்டை மூடினால்தான் அது வேணாம். ஒரே தடவை கேட்டுவிட்டு நகர்கிறவர் வீட்டில் யாராவது வயிறாரச் சாப்பிடுவார்களா? அந்தப் பரிமாறுகிறவர் எந்தத் தேசமோ. அவருக்கு வேணாம் என்றால் வேணாம்.

'சாப்டீங்களா'வும் அதே கதைதான். தெருவில் எதிரே வருகிறவரிடம் கேட்கிறோம், சாப்டாச்சு என்கிறார், போகிறோம். சாப்பிடவில்லை என்று யார் சொல்வார்? சொன்னால் கேட்டவர் சோறு போட வேண்டுமே, அவருக்குச் சிரமமாயிற்றே. நான் ஒரு டாக்டரின் கேள்வியை எடுத்து ஒரு வணக்கமாக மாற்றிக் கேட்டிருக்கிறேன். அவரும் பதில் வணக்கம் வைத்திருக்கிறார்.

உள்ளே போய்க் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நேத்து மத்தியானம் இன்னா கொழம்பு?"

"கொழம்பா?" என்றார். "ஏதோ ஒன்னுங்க. நல்லாத்தான் இருந்திச்சி."

"இன்னா கலரு?"

போர்வையின் ஓரத்தைக் கையில் எடுத்தார்.

"காலையில இன்னா சாப்டீங்க?"

"டீங்க."

"டீயோட?"

"டீதாங்க" என்றார். கணவர் பக்கம் பார்க்காமல் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை அண்ணன் எழுந்துவிட்டார். "நா ரூம்ல படுத்துக்கினு இருந்தப்ப, போய் சாப்ட்டு வந்தேன்னு சொன்னியே! தட்டு நெறைய போட்டாங்கன்னியே!"

"நீங்க கத்தாதீங்க. உங்குளுக்கே முடியல, அதான் சொன்னேன்."

"ஏன்க்கா?" என்றேன். "இம்மாஞ் சாப்பாடு வெச்சிக்கினு ஏன் பட்டினி கெடந்தீங்க? கேட்டா குடுப்பாங்களே?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் துளியும் இல்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

"நீங்கதான பாய் சொன்னீங்க, ஊரு மானத்த வாங்காதீங்கன்னு. அவுரு ஒரு தாட்டி கேட்டாரு, வேணான்னேன். அப்புறம் கேக்கல. நானா எப்டிங்க எழுந்து போயி அள்றது? பறக்காவெட்டின்னு நெனைக்க மாட்டாங்களா?"

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மலையில் ஒரு வேனைக் கழுவியபோது கற்றுக்கொண்ட பாடத்தைக் கடலுக்குத் தூக்கி வந்து, சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரைக் கிட்டத்தட்ட கொன்றிருக்கிறேன். அதுவும் யாரோ ஒரு பையன் சிரித்தானே என்பதற்காக.

டாக்டரிடம் போனேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் மொழிபெயர்ப்பைத் திருத்திவிட்டு நல்லவனாக நழுவியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அக்கா சொன்ன வார்த்தை இது, நான் இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டது இது, அவர் சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பேச்சு என்று மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு மணி நேரமாக என்னிடம் பொய் சொன்னீர்களா?"

"பொய் இல்லை. எங்கள் ஊரில் அது மரியாதை."

"அப்படியென்றால் இப்போது சொல்வது மட்டும் உண்மை என்று எப்படி நம்புவது? கப்பலில் இருக்க ஆசைப்பட்டு இதைச் சொல்லலாம் இல்லையா?"

நியாயமான கேள்வி. "பரிமாறியவரைக் கேளுங்கள்" என்றேன்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அந்த ஆளை வரவழைத்தார்கள். உயரமான, சாந்தமான மனுஷர். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். இந்த அம்மா ஒவ்வொரு வேளையும் வந்து உட்காருவார், தட்டைக் கையால் மூடிக்கொள்வார், எதுவும் வாங்கிக்கொண்டதே இல்லை என்றார். "விரதம் இருக்கிறார் என்று நினைத்தேன். அதனால்தான் மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை" என்றும் சொன்னார். அவர் ஊர் மரியாதை அது. இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் ஒருத்தி பட்டினி கிடந்திருக்கிறாள்.

டாக்டர் நெடுநேரம் யோசித்தார். பிறகு அவரே தீர்மானித்தார். இன்றைக்கு மாத்திரை கிடையாது. கண் முன்னால் சாப்பிட வேண்டும். மணிக்கு ஒரு தடவை ரத்தம் பார்ப்பேன். நாலு மணி வரைக்கும் சர்க்கரை இறங்காமல் நின்றால் கப்பலில் இருக்கலாம். ஒரு தடவை இறங்கினாலும் உடனே கரைக்கு. "இந்தத் தடவை யாரும் மரியாதை பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

மற்ற ஆட்களை உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு அனுப்பிவிட்டு நான் அங்கேயே இருந்தேன். சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் வந்தன. அக்கா பழக்க தோஷத்தில் தட்டுக்கு மேல் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையை விலக்கிவிட்டு ஒரு கரண்டி வைத்தேன். "போதுங்க" என்றார். இன்னொரு கரண்டி வைத்தேன். பரிமாறுகிறவர் பக்கத்தில் நின்று இதைக் கண் கொட்டாமல் பார்த்துக் கற்றுக்கொண்டார். அடுத்த தடவை அவரே விலக்கிவிட்டு வைத்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

ஒவ்வொரு மணிக்கும் விரலில் ஒரு குத்து. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. நடுவில் அவர் கண்ணயர்ந்தார். நான் அந்த வட்ட ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். பயந்துகொண்டிருந்தேன் என்பதே உண்மை. நாலு மணிக்கு டாக்டர் கடைசியாகப் பார்த்துவிட்டு, அந்தப் படிவத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். ஏழுமலை அண்ணன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் நடைபாதைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

கப்பல் கிளம்பியதும் எல்லாரையும் மேல்தளத்தில் கூட்டி, மண்டபத்தில் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். காரணமும் சொன்னேன். பிறகு திருநாவலூர்க்காரர் ஒருவர் மெதுவாக, "நாங்களும் ரெண்டு நாளா முறுக்கும் பொட்டுக்கடலையும்தாங்க பாய் துன்னுக்கினு இருக்கோம்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு உண்மையை உடைத்தார்கள். பாதிப் பேர் அரைப் பட்டினி. வெறும் வயிற்றில் கிடந்ததால்தான் தலைசுற்றலும் ஜாஸ்தி ஆகியிருக்கிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பலில் வயிறு நிறைந்தும் இருக்கக் கூடாது, காய்ந்தும் கிடக்கக் கூடாது. அன்று மாலை எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்த நுழைவு இருக்கிறதே, கல்யாணப் பந்தி தோற்றது. தட்டில் மலைகள் குவிந்தன. யாராவது சிரிக்கிறார்களா என்று நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே செல்வாம்பாள் அக்கா மேல்தளத்துக்கு வந்துவிட்டார். டாக்டர் சொன்னபடி கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட். நான் துணைக்குப் போனேன். அண்ணன் பக்கத்து நாற்காலியில் போர்வைக்குள் சுருண்டுவிட்டார். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத ஒரு சாம்பல் நிறம். காற்றே இல்லை. கப்பல் போகிறதா நிற்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை. நாங்கள் எதன் மேலும் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. சாம்பலில் மெல்ல மெல்ல ஒரு பால் வெளிச்சம் ஊறியது. கிழக்கில் மேகம் தடித்துக் கிடந்தது. சூரியன் வரும் என்று தோன்றவில்லை.

"மேகமா இருக்குதுக்கா" என்றேன். ஏதோ நான் செய்த தப்பு மாதிரி இருந்தது எனக்கு.

"இருக்கட்டும். சுத்தி ஒன்னுமே இல்ல பாரு" என்றார். முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்திருந்தது. நாலு பக்கமும் மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.

பிறகு கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாய், நேத்து நீ சாப்டியா?"

"சாப்டேங்க்கா."

அவர் கடலை விட்டுத் திரும்பினார்.

"இன்னா சாப்ட?"

காலையில் கொடியோடு வரிசையில் நின்றது, மருத்துவ அறை, ஜன்னல், கரண்டி, மாலையில் பந்தி விசாரித்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. என் கை எந்தத் தட்டிலும் பட்டதாக நினைவில்லை.

"கொழம்பு இன்னா கலரு?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து, சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார். "நீங்க இருந்து பாருங்கக்கா, நா போயிக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். கையை விடவில்லை.

மேகம் விலகிச் சூரியன் அப்புறம் வந்ததாம். தண்ணீரிலிருந்து நேராக எழுந்து வந்தது என்று மேலே நின்றிருந்தவர்கள் சொன்னார்கள். அப்போது நாங்கள் இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.